வட்டயப்பத்தை ஸ்லோ குக்கரில் அவிக்கலாமா?

குளூட்டன் இல்லாத ரொட்டியை ஸ்லோ குக்கரில் சுடுவது எப்படி என்று தேடினால் சாந்தன் கம், இசப்பகோல் உமி, மரவள்ளி ஸ்டார்ச் என்று ஒரு நீளமான மளிகைப் பட்டியல் வந்து விழும். மார்த்தாண்டம் பக்கம் வட்டயப்பம் அவிக்கிற வீடுகள்ல இது எதுவும் இருக்காது. பச்சரிசி, தேங்காய், சர்க்கரை, ஏலக்காய், கொஞ்சம் ஈஸ்ட், அவ்வளவுதான். இருந்தும் அப்பம் பஞ்சு மாதிரி எழும்புது.

கோதுமை மாவைப் பிசையும்போது கிளையடின், குளூட்டெனின் என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்து இழுபடுகிற ஒரு வலையாகின்றன. அதுதான் குளூட்டன். ஈஸ்ட் விடுகிற கார்பன் டை ஆக்சைடை அந்த வலை பிடித்து வைக்கிறது. அரிசியில் அந்த வலை கிடையாது. அந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் 'கப்பி காய்ச்சுறது'. கொரகொரப்பா அரைச்ச அரிசியில இரண்டு மூணு கரண்டி எடுத்து, தண்ணி விட்டு, கூழாக் காய்ச்சி, நல்லா ஆறவெச்சு மாவோட கலப்பாங்க. ஸ்டார்ச் சூட்டில் தண்ணீரை உறிஞ்சி வீங்குவதால் மாவு கொழகொழப்பாகி, குமிழிகள் தப்பிப் போகாமல் நிற்கும். சாந்தன் கம் செய்கிற வேலையும் இதேதான். கூழ் சூடா இருக்கும்போதே கலந்தா ஈஸ்ட் செத்துப் போகும், அதை மட்டும் பாத்துக்கணும்.

ஈஸ்டுக்கு முன்னால கள்ளுதான். தமிழ்நாட்டில் 1987-இல் கள்ளுக்குத் தடை வந்தது. களியக்காவிளை தாண்டி கேரளத்துக்குள்ள போனா கள்ளுக்கடை உண்டு. ஒரே அப்பம், எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு ருசி, அந்தப் பக்கம் இன்னொரு ருசி. கள்ளில் ஈஸ்டோடு லாக்டிக் அமில பாக்டீரியாவும் இருப்பதால் வருகிற அந்த லேசான புளிப்பை பாக்கெட் ஈஸ்ட் தராது.

இனி ஸ்லோ குக்கருக்கு வருவோம். வெளிநாட்டுல இருக்கிற நம்ம ஊர்க்காரங்க பலரிடம் இட்லிப்பானை இல்லாட்டியும் இது இருக்கும். இதில் சிக்கல் அதன் பெயரிலேயே இருக்கு: மெதுவா சூடாகும். ஆவியில் வைத்த மாவு சீக்கிரமே உறைந்து விடும், ஏனென்றால் நீராவி தண்ணீராகும்போது நிறைய வெப்பத்தை விட்டுச் செல்கிறது. ஸ்லோ குக்கரில் மாவு வெதுவெதுப்பாகவே ரொம்ப நேரம் கிடக்கும். அரிசி ஸ்டார்ச் இறுக 65 முதல் 80 டிகிரி வரை சூடு வேண்டும். அதற்குள் மாவு அளவுக்கு மீறிப் பொங்கி, நடுவில் குழிந்து விடும். அதனால கொதிக்கிற தண்ணியை ஒரு அங்குல உயரத்துக்கு ஊத்தி, 'ஹை'யில அரை மணி நேரம் சூடாக்கி, அப்புறம் ஒரு தாங்கி மேல மாவுத் தட்டை வைங்க. மூடிக்குக் கீழே ஒரு துணி கட்டணும், இல்லாட்டி ஆவித் தண்ணி சொட்டி மேல்பக்கம் குழைஞ்சிரும். வெந்திருச்சான்னு ஈர்க்குச்சியால குத்திப் பாருங்க. மேலே செம்பழுப்பு நிறம் வரவே வராது. அதற்கு 140 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், இங்கே 100-ஐத் தாண்டாது. வட்டயப்பம் வெள்ளையாத்தானே இருக்கும், அதனால நமக்கு நஷ்டமில்லை. கையில் இட்லிப்பானை இருந்தால் நான் அதைத்தான் சொல்வேன்.

சீலியாக் நோய் உள்ள குழந்தைக்கு இதைக் கொடுப்பதாக இருந்தால் வேறொரு கவலை உண்டு. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், அந்த நோய்க்கான எதிர்ப்பொருள் வட இந்தியாவில் 1.23 சதவீதம் பேரிடமும் தென்னிந்தியாவில் 0.10 சதவீதம் பேரிடமும் இருந்தது. மரபணுச் சாய்வு இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுதான். கோதுமை தின்கிற அளவுதான் வேறு. நம்ம பக்கம் அரிதாக இருப்பதால், 'அரிசி அப்பம்தானே, என்ன செய்யும்?' என்று யாரும் யோசிக்காமல் கொடுத்து விடுவார்கள். ஆனால் இப்போ பல வீடுகள்ல கப்பி காய்ச்சுறது கடையில வாங்கின கோதுமை ரவையில. அது மட்டுமில்லை, மாவு மில்லில் முன்னால் வந்தவர் கோதுமை அரைத்திருந்தால் அதே இயந்திரத்தில் மிச்சம் இருக்கும். இந்தியாவில் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. மில்லில் ஒட்டியிருக்கிற ஒரு கைப்பிடி மாவு அந்த அளவை எளிதாகத் தாண்டும். அரிசியை ஊறவெச்சு வீட்டு மிக்ஸியில அரைச்சு, அதுலயே கப்பியும் எடுத்துக்கிட்டா இந்த இரண்டு வழியும் அடைபடும்.

மறுநாள் அப்பம் விறைப்பாகும். வெந்த ஸ்டார்ச் ஆறி மறுபடி இறுகுவதுதான் காரணம், ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் வேகமாக இறுகும். அஞ்சு நிமிஷம் ஆவி காட்டினா பழையபடி மெதுவாயிரும்.