புதிய எஞ்சினும் பழைய பெற்றோல் குழாயும்

இலங்கைத் தெருக்களில் இன்றும் காணப்படும் பழைய கார்களுள் மொறிஸ் மைனரும் ஒன்று. 1948 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்தபோது அதன் எஞ்சின் 918 கன சென்ரிமீற்றர் அளவினது. தேய்ந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு, அதனிற் பெரிய யப்பானிய எஞ்சினைப் பொருத்துவோர் உளர். சமதரையில் இனிதே ஓடும் அவ்வண்டி, ஏற்றத்திலே மூச்சுத் திணறி நின்றுவிடுவதுண்டு. உடனே உரியவர் எஞ்சினைப் பழிப்பர்; காபுரேற்றரை மாற்றுவர்; பணம் கரையும், குறை தீராது. பல வேளைகளிற் குற்றம் எஞ்சினில் அன்று, அதற்கு உணவு கொண்டுசெல்லும் பாதையிலேயே உண்டு.

மைனரின் பெற்றோல் தாங்கி பின்புறத்தில் உள்ளது. முன்புறத்தில் எஞ்சினுக்கு அருகே இருக்கும் மின்சாரப் பம்ப், நீண்ட குழாய் வழியாகப் பெற்றோலை உறிஞ்சுகின்றது. அதன் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் ஒன்றரை இறாத்தலே. யப்பானிய எஞ்சின்கள் பலவற்றின் காபுரேற்றர்கள் அதனினும் கூடிய அழுத்தத்துக்கென அமைந்தவை. பெற்றோலைப் பீச்சும் முறையில் இயங்கும் எஞ்சினுக்கோ சுமார் நாற்பது இறாத்தல் வேண்டும். அதற்குப் பழைய பம்ப் எவ்வகையிலும் உதவாது. மறுதலையாக, பழைய காபுரேற்றருக்கு வலிய பம்பைப் பூட்டினால், அழுத்தம் ஊசி வால்வைத் தள்ளிவிடப் பெற்றோல் வழிந்தோடும்.

முதலில் நோயின் குறியை அறிதல் வேண்டும். மின்சாரக் குறையாயின் எஞ்சின் பெரும்பாலும் சட்டென நிற்கும். பெற்றோற் குறையாயின் சிறிது சிறிதாக வலுவிழந்து நிற்கும். சற்று ஆறவிட்டால் மீண்டும் ஓடும்.

அடுத்து, தாங்கியின் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். காற்றுத் துளை அடைபட்டிருந்தால், வெளியேறும் பெற்றோலின் இடத்துக்குக் காற்று வர இயலாது. பம்ப் இழுத்தும் பயனில்லை. மூடியைத் தளர்த்தியதும் வண்டி சீராக ஓடுமாயின், நோய் அதுவே.

பின்னர் பம்பின் ஒலியைக் கேளுங்கள். சாவியைத் திருப்பியதும் விரைவாக 'டிக் டிக்' என்று அடித்து, மிதவை அறை நிறைந்ததும் ஓய்வதே நல்ல பம்பின் இயல்பு. ஒலியே இல்லையெனின் மின்னிணைப்பையும் தொடுமுனைகளையும் சோதிக்க வேண்டும். ஓயாது விரைந்து அடித்தும் பெற்றோல் வரவில்லையெனின், தாங்கி வெறுமையாயிருக்கலாம்; அன்றேல் உறிஞ்சும் பக்கத்துக் குழாயிற் காற்றுப் புகுகின்றது. அப்பக்கத்து வெடிப்பிற் பெற்றோல் கசிந்து தெரிய வேண்டுமென்பதில்லை. ஆகவே கண்ணுக்குப் புலப்படாமலே ஏமாற்றும்.

இறுதியாக, காபுரேற்றருக்குச் செல்லும் குழாயைக் கழற்றி, அதன் முனையை ஒரு கொள்கலத்துள் வைத்து, பம்பை இயக்கிப் பாருங்கள். குமிழியின்றித் தடையறாது பாய்ந்தால், குறை காபுரேற்றரிலோ அதற்கப்பாலோ உள்ளது. முதலிற் பாய்ந்து பின்னர் மெலிந்தால், தாங்கியின் துருவும் வண்டலும் வழியை அடைக்கின்றன எனக் கொள்ளலாம். பெற்றோலுக்கென ஆக்கப்படாத றப்பர்க் குழாயும் வெளியே நன்றாகத் தோன்றி, உள்ளே ஊதி வழியை மூடிவிடும். எஞ்சின் மாறும்போது புகைபோக்கிக் குழாயின் இடமும் மாறலாம்; அதன் வெப்பம் படும் பெற்றோல் குழாயில் ஆவி திரண்டு ஓட்டத்தைத் தடுக்கும்.

இச்சோதனையை எஞ்சின் குளிர்ந்த பின்னர், காற்றோட்டமுள்ள வெளியிடத்திற் செய்தல் வேண்டும். தீப்பொறி எழாதவாறு எரிபற்றுச் சுருளின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். சுருட்டோ விளக்கோ அருகில் இருத்தலாகாது. சிந்திய பெற்றோல் உலரும்வரை எஞ்சினை இயக்கவும் கூடாது. குழாயின் பூட்டுகளைச் சரியாக இறுக்காது புறப்பட்ட வண்டி வழியிலே தீப்பற்றக்கூடும். அதனுள் இருப்போர் நம் வீட்டாரே.

ஆகவே எஞ்சினை மாற்றுவோர், தாங்கி முதல் காபுரேற்றர் வரையுள்ள பாதை முழுவதையும் அவ்வெஞ்சினின் உறுப்பாகவே கருதுதல் வேண்டும். ஒவ்வொரு பகுதியாகச் சோதித்து, குறை கண்ட இடத்தை மட்டும் திருத்துவோருக்குப் பணமும் மிஞ்சும், பயணமும் தடைப்படாது.