ஜிபிஎஸ் கணக்கைப் பிசகச் செய்யும் அயனி மண்டலம்

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் பூமியைச் சுற்றுகின்றன. அவற்றின் சிக்னல் கைபேசியை வந்தடைய எடுக்கும் நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கித் தொலைவு கணக்கிடப்படுகிறது. இதில் ஒரு நானோ விநாடி பிசகினால் தொலைவு 30 செ.மீ. பிசகும்.

பிசகுக்கு முக்கியக் காரணம் அயனி மண்டலம். சுமார் 60 முதல் 1,000 கி.மீ. உயரம் வரை பரவியுள்ள இந்த அடுக்கில், சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் வாயு அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. அந்த எலக்ட்ரான்களைக் கடக்கும்போது சிக்னல் தாமதமாகிறது. எலக்ட்ரான் அடர்த்தி பிற்பகல் 2 மணியளவில் உச்சம் தொடும், இரவில் குறையும். அதற்கேற்ப, தலைக்கு நேர் மேலே உள்ள செயற்கைக்கோளின் தொலைவிலேயே பிழை ஓரிரு மீட்டர் முதல் பத்து மீட்டருக்கு மேலும் போகலாம். செயற்கைக்கோள் அடிவானத்தை ஒட்டியிருந்தால், சிக்னல் சாய்வாக நெடுந்தூரம் கடக்க வேண்டியிருப்பதால் பிழை ஏறத்தாழ மூன்று மடங்காகும்.

இந்தத் தாமதம் அதிர்வெண்ணின் இருமடியைப் பொறுத்துக் குறையும். 1575.42 மெகாஹெர்ட்ஸ் கொண்ட எல்1 சிக்னலைவிட 1176.45 மெகாஹெர்ட்ஸ் கொண்ட எல்5 சிக்னல் சற்றுப் பிந்தி வரும். இரண்டையும் வாங்கும் கருவி, அந்த இடைவெளியைக் கொண்டே பிழையைக் கணித்துப் பெரும்பாலும் நீக்கிவிடும். ஒரே அலைவரிசையில் இயங்கும் கருவிகளுக்காக, தாமதத்தைத் தோராயமாக மதிப்பிடும் குளோபுச்சார் மாதிரிக்குரிய எட்டு எண்களை ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களே ஒலிபரப்புகின்றன. அது பிழையில் பாதியைத்தான் போக்கும். விமானங்களுக்கு இது போதாது. அதனால் இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் உருவாக்கிய ககன் அமைப்பு, தரை நிலையங்களில் பிழையை அளந்து, திருத்தத்தைப் புவிநிலைச் செயற்கைக்கோள் வழியே அனுப்புகிறது.

இந்தியாவில் இந்தப் பணி கடினமானது. காந்த நடுக்கோடு நாட்டின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வகம் அமைத்திருப்பதும் அதனால்தான். பகலில் இந்தக் கோட்டின் மேல் எழும்பும் எலக்ட்ரான்கள், காந்தப்புலக் கோடுகள் வழியே இருபுறமும் சரிந்து, வடக்கே மத்திய இந்தியாவின் மேல் குவிகின்றன. சூரியன் மறைந்ததும் அடர்த்தி குறைந்த 'பிளாஸ்மா குமிழ்கள்' மேலெழுகின்றன. அவற்றைக் கடக்கும் சிக்னலின் வலிமை கணத்துக்குக் கணம் ஏறி இறங்கும். கருவி சிக்னலைத் தவறவிடுவதும் உண்டு.

சூரியப் புயலும் இத்தகைய குழப்பத்தை உண்டாக்கும். 2024 மே மாதப் புயலின்போது, ஜிபிஎஸ் உதவியுடன் டிராக்டர் ஓட்டி விதைத்த அமெரிக்க விவசாயிகள் பலர் வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று.

தாமதத்தைக் கணக்கிட்டுக் கழிக்கலாம்; அறுந்துபோன சிக்னலைத் திருத்த வழியில்லை. ஜிபிஎஸ், ஐரோப்பாவின் கலிலியோ, இந்தியாவின் நாவிக் எனப் பல அமைப்புகளின் சிக்னலை வாங்கும் கருவிக்கு, குமிழ்கள் மறைக்காத செயற்கைக்கோள்கள் போதிய எண்ணிக்கையில் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.