மரத்தடியில் வாடும் டோட் லில்லி

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிழல் தோட்டம் போடுகிறவர்கள் ஆசைப்பட்டு வாங்கும் செடிகளில் டோட் லில்லியும் ஒன்று. நர்சரி அட்டையில் 'நிழலில் வளரும்' என்று ஒரு வரி இருக்கும். அதை நம்பி, வேறெதுவும் பிழைக்காத மரத்தடியில் கொண்டுபோய் நடுகிறார்கள். கோடை முடிவதற்குள் இலையோரம் பழுப்பேறிக் காய்கிறது. மொட்டுகள் விரியாமலே கருகுகின்றன. நிழல் அதிகமாகிவிட்டது என்று முடிவுகட்டி, செடியைப் பிடுங்கி வெயிலில் வைப்பவர்களும் உண்டு. ஆனால் அந்த மரத்தடியில் இல்லாமல் போனது பெரும்பாலும் வெளிச்சமல்ல, தண்ணீர்.

இந்தச் செடியின் சொந்த ஊரைப் பார்த்தாலே இது விளங்கும். இமயமலையிலிருந்து சீனா, தைவான், ஜப்பான் வரை இதன் இனங்கள் பரவியிருக்கின்றன. கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பில் இருந்த டேனிஷ்காரர் நதானியேல் வாலிச், 1826-இல் இந்தப் பேரினத்தை முதன்முதலாக விவரித்தது நேபாளச் செடி ஒன்றை வைத்துத்தான். ஜப்பானிய இனமான ஹிர்டா ஈரம் கசியும் பாறைச் சரிவுகளில் வளர்கிறது. மஞ்சள் பூ பூக்கும் மாக்ராந்தா பாறை முகப்புகளிலிருந்து தொங்குகிறது. எல்லாம் நிழலான இடங்கள்தான். ஆனால் காலடியில் மட்கிய இலையும், தேங்காமல் ஓடும் ஈரமும் இருக்கின்றன. நிழல் இருந்தால் மண் தானாகவே ஈரமாக இருக்காதா என்று கேட்கலாம். சுவர் நிழல் என்றால் ஓரளவு சரி. மர நிழல் அப்படியல்ல. தூறலில் கணிசமான பகுதியை இலைக்கூட்டமே வாங்கிக்கொள்ளும். தரைக்கு வரும் மிச்சத்தை மேப்பிள், பீச் போன்ற மரங்களின் மேலோட்டமான வேர்கள் உறிஞ்சிவிடும். சரி, தண்ணீர்தான் முக்கியம் என்றால் வெயிலில் வைத்து ஊற்றினால் என்ன? இளங்காலை வெயிலை இது தாங்கும். அடர்நிழலில் இருப்பதைவிட அப்போது நன்றாகவே பூக்கும். நண்பகல் வெயிலில் மட்டும், மெல்லிய அகன்ற இலை இழக்கும் நீரை வேர் ஈடுகட்ட முடிவதில்லை.

ஆக, செய்யவேண்டிய வேலை மண்ணில்தான் இருக்கிறது. பெருமரத்தின் அடியை விட்டுச் சற்றுத் தள்ளி, இலைமட்கைத் தாராளமாகக் கலந்து, இளவேனிலில் நட்டு, மேலே மூடாக்குப் போட வேண்டும். கோடை வறட்சியில் தண்ணீர் தப்பக் கூடாது. அதற்காகக் களிமண் பள்ளத்தில் வைத்தால், குளிர்காலத்தில் நீர் தேங்கிக் கிழங்கு அழுகிவிடும். ஈரத்தோடு நத்தைகளும் வரும். இளந்தளிர் கிளம்பும் வாரங்களில் கண்காணிப்பு அவசியம். (குளிரில் மண்ணுக்குள் உறங்கி எழும் செடி இது. நம் சமவெளிக்கு ஒத்துவராது.)

ஓர் அங்குலப் பூவுக்கு இவ்வளவு பாடா என்பது நியாயமான கேள்வி. பத்தடி தள்ளி நின்றால் பூ இருப்பதே தெரியாது என்பதும் உண்மைதான். ஆகவே இதை நடைபாதையின் ஓரத்தில்தான் நட வேண்டும். ஹிர்டாவின் பூவில் ஆறு வெள்ளை இதழ்கள், அவற்றில் மை தெறித்ததுபோல் ஊதாப் புள்ளிகள். நடுவில் எழும் தண்டு மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகி, வளைந்து இறங்குகிறது. மகரந்தப் பைகளும் அதனடியில் கீழ்நோக்கியே தொங்குகின்றன. அடியில் வெளியிதழ் மூன்றிலும் புடைத்த தேன்பை. பம்பிள் வண்டு தேனுக்காக இந்தக் குடையின்கீழ் நுழையும்போது மகரந்தம் அதன் முதுகில் அப்பிக்கொள்கிறது. நிழல் தோட்டத்தின் வழக்கமான பூக்கள் பெரும்பாலும் இளவேனிலிலும் கோடைத் தொடக்கத்திலுமே பூத்து ஓய்ந்துவிடும்; செப்டம்பர், அக்டோபரில் இப்படியொரு பூ நிழலில் கிடைப்பது அரிது. உறைபனி சீக்கிரம் இறங்கும் ஊர்களில் இதே தாமதம் வில்லங்கமாகவும் ஆகலாம்: மொட்டோடு போய்விடும். அங்கே கோடையிலேயே பூத்துவிடும் மஞ்சள் நிற லாட்டிஃபோலியாவைத் தேடி வாங்குவதே புத்திசாலித்தனம்.