பில்லில் உட்கார்ந்த ‘ஈ’

நம் ஊர் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு. சந்தேகம் வந்தால் எடை போட்டுப் பார்த்து வாங்கலாம். தீர்ந்தால் தீர்ந்ததுதான், அதில் வழக்கு இல்லை. பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளுக்கு எரிவாயு குழாயில் வருகிறது. சமையலுக்கு மட்டுமல்ல, வெந்நீருக்கும் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கவும் அதுதான். எரித்த பிறகே பில் வரும். அதில் மீட்டர் அளவுக்குப் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து பொடியாக நிற்கும். ‘ஏ’ என்றால் உண்மையில் எடுத்த அளவு. ‘சி’ என்றால் வீட்டுக்காரரே அனுப்பியது. ‘ஈ’ என்றால் பழைய செலவையும் பருவத்தையும் பார்த்து நிறுவனம் தானாகப் போட்டுக்கொண்ட உத்தேசம். கோடிக்கணக்கான வீடுகளுக்கு மாதாமாதம் ஆள் அனுப்ப முடியாது என்பதால் உத்தேசம் தவிர்க்க முடியாததுதான். அந்த உத்தேசத்துக்குத் துல்லியக் கணக்கின் வேடம் கட்டி அனுப்புகிறார்களே, என் ஆட்சேபம் அதில்தான்.

கணக்கு போகும் வழியைப் பாருங்கள். மீட்டர் காட்டுவது கன அளவு; காசு வாங்குவதோ வெப்ப ஆற்றலுக்கு. ஒரு வீட்டில் 100 கன மீட்டர் எரிந்தது என்று வைத்துக்கொள்வோம். வாயு சூட்டில் விரியும், அழுத்தத்தில் சுருங்கும் என்பதால் அதை முதலில் 1.02264 ஆல் பெருக்குகிறார்கள். பிறகு ஒரு கன மீட்டர் வாயு எவ்வளவு வெப்பம் தரும் என்ற எண்ணால் பெருக்க வேண்டும். அது நாளுக்கு நாள் மாறும், 39.5 மெகாஜூல் என்று கொள்ளலாம். கடைசியில் 3.6 ஆல் வகுத்தால் 1,122 கிலோவாட் மணி. மின்சாரத்தில் நாம் யூனிட் என்கிறோமே, அதே அளவு. பழைய மீட்டர் என்றால் அது நூறு கன அடிக் கணக்கில் ஓடும், தொடக்கத்திலேயே 2.83 ஆல் பெருக்கியாக வேண்டும். கன மீட்டர் கருவியைக் கன அடிக் கருவி என்று பதிந்துவிட்டால் பில் ஏறக்குறைய மூன்று மடங்காகும். அப்படி நடந்ததும் உண்டு. இதற்கு மேல் தினசரி நிலைக்கட்டணம், 5 சதவீத வரி. தொடக்க எண்ணே ‘ஈ’ என்றால் இத்தனை தசமமும் எதற்கு? களத்துமேட்டில் கண்மதிப்பாகச் சொன்ன நெல்லைத் தட்டான் தராசில் நிறுத்துக் காட்டுவது போன்ற வேலை இது.

அந்த 1.02264 கூட நாடு முழுமைக்குமான சராசரிதானே என்று கேட்கலாம். சராசரிதான். மலைமேல் இருக்கும் வீட்டுக்கும் கடலோர வீட்டுக்கும் ஒரே எண். ஆனால் அது சட்ட விதியில் எழுதி வைத்த எண், எல்லோருக்கும் பொது, நாளைக்கு மாறாது. உத்தேச அளவோ ஒரே வீட்டைப் பற்றிய ஊகம். புதிதாகக் குடிவந்தவருக்கு, முன்பு இருந்தவர் எரித்த கணக்கை வைத்தே பில் வரக்கூடும்.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு: அடுத்த முறை உண்மை அளவு வந்ததும் கூடுதலும் குறைவும் நேராகிவிடுமே? விலை மாறாத காலத்தில் நேராகிவிடும். 2022 ஏப்ரல் 1 அன்று ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் விதிக்கும் விலை உச்சவரம்பு 54 சதவீதம் உயர்ந்தது. எரிவாயு யூனிட் சுமார் 4 பென்ஸிலிருந்து 7 பென்ஸுக்கு மேல் போனது. குளிர்காலத்தில் எரித்த 2,000 யூனிட்டை உத்தேசம் குறைத்துப் பிடித்திருந்து, விட்டுப்போனது ஏப்ரல் கணக்கில் விழுந்தால், எரித்த அளவு சரியாக இருந்தும் 60 பவுண்டு கூடுதலாகப் போய்விடும். உத்தேசம் அதிகமாகியிருந்தால் வீட்டுக்காரருக்கு லாபம். இரண்டில் எது வாய்க்கும் என்பது குலுக்கல் சீட்டுதான். மக்களுக்கு இது புரியாமல் இல்லை. மார்ச் 31 அன்று அவரவர் மீட்டரைப் பார்த்து அளவை அனுப்ப ஒரே நேரத்தில் முண்டியடித்ததில் பல நிறுவனங்களின் இணையதளங்கள் படுத்துவிட்டன.

ஸ்மார்ட் மீட்டர் வந்தால் ஈ பறந்துவிடும் என்கிறார்கள். ஓரளவு உண்மை. ஆனால் அளவை அனுப்பாமல் ஊமையாகிவிட்ட ஸ்மார்ட் மீட்டர்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. முதல் தலைமுறைக் கருவிகள் பல, வீட்டுக்காரர் நிறுவனம் மாறியதுமே பேச்சை நிறுத்தின. 2018 மே முதல் உள்ள விதி வேறொரு வகையில் உதவுகிறது: வீட்டுக்காரர் மேல் தவறு இல்லாவிட்டால், 12 மாதத்துக்கு முந்தைய விடுபட்ட பாக்கியை நிறுவனம் கேட்க முடியாது. நல்ல விதிதான், ஆனால் பன்னிரண்டு மாதத்துக்குள் விழும் பாக்கியே ஒரு குடும்பத்தைத் திணறடிக்கப் போதும். உத்தேச பில்லில் பென்ஸ் வரை அச்சிடுவதை விட்டு, ‘இத்தனையிலிருந்து இத்தனை பவுண்டுக்குள்’ என்று பெரிய எழுத்தில் போட்டால் என்ன? வசூலிக்க ஒரே தொகை வேண்டும் என்பார்கள். முன்பணம் என்று பெயர் சொல்லி ஒரு தொகையை வாங்கிக்கொள்ளட்டுமே.

அதுவரை மீட்டரை வீட்டுக்காரரேதான் பார்த்து அனுப்பியாக வேண்டும். பூட்டிய பெட்டிக்குள்ளோ நிலவறையிலோ இருக்கும் மீட்டரை முதியவர் குனிந்து பார்ப்பது எளிதல்ல. முடிந்தவர்கள் விலை மாறும் நாளுக்கு முந்தின இரவு படம் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். சிவப்பில் இருக்கும் கடைசி எண்களைச் சேர்க்கக் கூடாது.