வெட்டினாலும் வளரும் ஈரல்

நகத்தை வெட்டினால் வளர்கிறது. ரோமத்தை வெட்டினாலும் வளர்கிறது. சரீரத்தின் உள்ளுறுப்புகளிலோ இந்த வரத்தை இவ்வளவு தாராளமாகப் பெற்றிருப்பது கல்லீரல்தான். 1931-ஆம் வருஷத்தில் ஹிக்கின்ஸ், ஆண்டர்ஸன் என்னும் இரு அமெரிக்கர்கள் எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை அறுத்தெடுத்துப் பார்த்தார்கள். சில வாரங்களில் ஈரல் பழைய எடைக்கு வந்துவிட்டது. அறுத்த துண்டு மறுபடி முளைக்கவில்லை. எஞ்சிய துண்டே பருத்து நிறைந்தது.

மனிதருக்கும் இச்சக்தி உண்டு. ஆயினும், புற்றுநோய்க்காக ஈரலின் பெரும் பாகத்தை நீக்கினால், எஞ்சிய சிறு பாகம் வளரும் முன்னரே நோயாளி மாண்டுபோகக் கூடும். ஆகவே ரண வைத்தியர்கள் ஒரு யுக்தி செய்கிறார்கள். நீக்க வேண்டிய பாகத்துக்குக் குடலிலிருந்து இரத்தம் கொண்டு வரும் நாளத்தை முன்கூட்டியே அடைத்துவிடுகிறார்கள். இரத்தம் மறுபக்கம் பாய்கிறது, அப்பக்கம் பருக்கிறது. சில வாரங்கள் கழித்தே கத்தியை எடுக்கிறார்கள். அந்த வாரங்களில் புற்றும் சும்மா இருப்பதில்லை என்பதுதான் சங்கடம்!

இந்தக் காலத்தைக் குறுக்க முயன்றவர்கள் ஜெர்மனியில் டுஸ்ஸல்டார்ப் சர்வகலாசாலை வைத்தியர்கள். நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்தே ‘ஸ்டெம் ஸெல்’ எனப்படும் மூல அணுக்களைப் பிரித்தெடுத்து, வளர வேண்டிய பாகத்தின் நாளத்தில் செலுத்தினார்கள். 2007-ல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, நாளத்தை மட்டும் அடைத்த 7 பேருக்கு ஈரலின் இடது ஓரப் பாகம் சராசரி 39 சதவிகிதம் பருத்தது. அணுக்களும் பெற்ற 6 பேருக்கு 77 சதவிகிதம். வந்த அணுக்களே ஈரலாக மாறின என்று நேயர்கள் எண்ண வேண்டாம். அவை வளர்ச்சியைத் தூண்டும் ரஸங்களைச் சுரந்து, ஈரலின் சொந்த அணுக்களை ஊக்குகின்றன என்றே கருதப்படுகிறது.

நமக்கும் ஆசை பிறக்கத்தான் செய்கிறது. எனினும் 13 பேர் ஒரு பந்திக்குக்கூடக் காணாது. பிரிட்டனில், வடுப்பட்டுச் சுருங்கிய ஈரலுடைய 81 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இதே வகை அணுக்களைக் கொடுத்தார்கள். ஈரலின் வேலை சீர்ப்படவில்லை என்று 2018-ல் முடிவு வெளியாயிற்று. அது வேறு வியாதி, உண்மைதான். ஆனால் ஈரல் நோய் எதற்கும் இவ்வணுக்கள் மருந்து என்று விளம்பரம் செய்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வார்களா?

நம் தேசத்தில், இரத்த சம்பந்தமான சில நோய்கள் தவிர மற்றவற்றுக்கு, அங்கீகாரம் பெற்ற பரீட்சைக்கு வெளியே இச்சிகிச்சை செய்வது தகாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில் 2017-ல் விதித்திருக்கிறது. நகையை அடகு வைக்கக் கிளம்பும் முன், ‘இது பரீட்சையா, சிகிச்சையா?’ என்று கேளுங்கள். பரீட்சையானால், அதில் சேர்கிறவரிடம் அந்த அணுக்களுக்குப் பணம் வாங்குவது முறையன்று.