சூலமங்கலம் சகோதரிகளின் இசைப்பதிவுகள்

சூலமங்கலம் சகோதரிகள் என்று அறியப்படும் ஜெயலட்சுமி (1937–2017), ராஜலட்சுமி (1940–1992) இருவரும் தமிழ்ப் பக்தியிசையில் தனியிடம் பெற்ற பாடகியர். மேடைக் கச்சேரி, இசைத்தட்டு, திரைப்படம் ஆகிய மூன்றிலும் பாடியவர்கள். தேசபக்திப் பாடல்களுக்காகவும் அறியப்பட்டவர்கள். எனினும் இன்று அவர்களுடைய பெயர் நிலைத்திருப்பதற்கு முதன்மைக் காரணம் எச்.எம்.வி. நிறுவனம் வெளியிட்ட கந்தர் சஷ்டி கவசப் பதிவு ஆகும். அரை நூற்றாண்டு கடந்தும் அப்பதிவு கோயில் ஒலிபெருக்கிகளிலும் வீட்டுப் பூசையறைகளிலும் நாள்தோறும் ஒலிக்கிறது. இந்தக் கட்டுரை அவர்களுடைய பதிவுகளின் இசைத்தன்மையையும், அவை மக்களிடையே பெற்ற இடத்தையும், குறிப்பாகத் தாம்பரம் சூழ்ந்த தென்சென்னைப் புறநகர்ப் பகுதியை முன்வைத்து விளக்குகிறது.

பிறப்பும் பயிற்சியும்

சூலமங்கலம் தஞ்சை மாவட்டத்தில் உள்ள சிற்றூர். பாகவத மேளா என்னும் நாட்டிய நாடக மரபு வழங்கிய ஊர்களுள் இதுவும் ஒன்று. ஹரிகதைக் கலைஞரான சூலமங்கலம் வைத்தியநாத பாகவதரும் இவ்வூரைச் சேர்ந்தவரே. இசையும் கதாகாலட்சேபமும் பழகிய அந்தச் சூழலில் பிறந்த சகோதரிகள் இருவரும் இளமையிலேயே கர்நாடக இசை பயின்றனர். ஊரின் பெயரே அவர்களுடைய பெயராகவும் நிலைத்துவிட்டது.

பெண்கள் இருவராக இணைந்து மேடையில் பாடும் வழக்கம் வேரூன்றி வந்த காலம் அது. உறவினர்களான ராதா – ஜெயலட்சுமி இணையும் பின்னர் பம்பாய் சகோதரிகளும் அவ்வழியில் புகழ் பெற்றனர். சூலமங்கலம் சகோதரிகள் அந்த மரபை உருவாக்கியவர்களுள் முன்னணியில் வைத்து எண்ணத்தக்கவர்கள்.

இரு குரல், ஒரு நாதம்

உடன்பிறந்தவர்கள் சேர்ந்து பாடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். அமெரிக்க நாட்டுப்புற இசையில் லூவின் சகோதரர்களும் எவர்லி சகோதரர்களும் இவ்வகையில் பெரும்புகழ் பெற்றவர்கள். லூவின் சகோதரர்கள் பக்திப் பாடல்களையும் மிகுதியாகப் பாடினர். ஆனால் அவர்களுடைய முறை வேறு. ஒருவர் மெட்டைப் பாட, மற்றவர் அதற்கு மேலோ கீழோ சற்று விலகிய சுரங்களில் இணைந்து செல்வார். கேட்பவருக்கு இரண்டு கோடுகள் பக்கம் பக்கமாக ஓடுவதுபோல் இருக்கும்.

கர்நாடக இசையில் இணைந்து பாடுவோர் இருவரும் ஒரே சுருதியில் ஒரே சுரத்தைப் பாடவேண்டும். இது கேட்க எளிதாகத் தோன்றினாலும் செய்வது கடினம். சுரம் ஒத்திருந்தால் மட்டும் போதாது. கமகத்தின் அசைவு, சொல்லைத் தொடங்கும் கணம், மூச்சு எடுக்கும் இடம் ஆகியவையும் ஒத்திருக்க வேண்டும். சிறிது பிசகினாலும் இரண்டு குரல் எனக் காது கண்டுபிடித்துவிடும். சூலமங்கலம் சகோதரிகளின் பதிவுகளில் பல இடங்களில் யார் குரல் எது என்று பிரித்தறிய முடிவதில்லை. தனிக்குரலுக்கு இல்லாத ஒரு திண்மையும், குழுப்பாடலில் கிடைக்காத சொல் தெளிவும் அங்கே ஒருங்கே அமைகின்றன. ஒலிபெருக்கியில் தொலைவிலிருந்து கேட்டாலும் சொற்கள் சிதையாமல் வந்து சேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கந்தர் சஷ்டி கவசப் பதிவு

கந்தர் சஷ்டி கவசத்தை இயற்றியவர் தேவராய சுவாமிகள். முருகனின் ஆறு படைவீடுகளுக்கும் ஒவ்வொன்றாக ஆறு கவசங்கள் அவர் பெயரில் வழங்குகின்றன. பரவலாக அறியப்படும் கவசம் திருச்செந்தூருக்கு உரியது. வெண்பாக்களில் தொடங்கி, பின் நிலைமண்டில ஆசிரியப்பாவில் 200 அடிகளுக்கு மேல் நீள்கிறது. முருகன் எழுந்தருளி வரும் காட்சி, அவனது தோற்றம், உடலின் ஒவ்வோர் உறுப்பையும் வேல் காக்க வேண்டும் என்னும் வேண்டுதல், நோயும் பகையும் விலக வேண்டுதல், ஓதுவதன் பயன் என அது படிப்படியாகச் செல்கிறது.

இத்தகைய நீண்ட நூலை இசைப்பதிவாக்குவதில் இரண்டு இடர்கள் இருந்தன.

முதலாவது நேரம். 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 3 நிமிடம்தான் பாடமுடியும். இ.பி. தட்டில் சுமார் 7 நிமிடம். கவசத்தை முழுமையாகப் பாட ஏறத்தாழ 20 நிமிடம் வேண்டும். எல்.பி. இசைத்தட்டின் ஒரு பக்கமே அந்த அளவுக்கு இடம் தருவது. ஆகவே 1970ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த இப்பதிவு, நீண்ட நூலை இடையறாமல் கேட்கும் வசதி வந்துசேர்ந்த காலத்தோடு பொருந்தியது. பின்னர் ஒலிநாடா பரவியபோது அந்த வசதி எளிய வீடுகளுக்கும் வந்தது.

இரண்டாவது சலிப்பு. ஒரே அளவுள்ள நாற்சீர் அடிகள் நூற்றுக்கணக்கில் தொடரும்போது ஒரே மெட்டு அலுத்துவிடும். அடிக்கடி மெட்டை மாற்றினால் உடன் ஓதுபவர் தடுமாறுவார். இதற்குக் கண்ட வழிதான் இராகமாலிகை. ஆபோகி, சுபபந்துவராளி, கல்யாணி, தோடி, மத்தியமாவதி ஆகிய ஐந்து இராகங்களில் கவசம் அமைக்கப்பட்டது. பஞ்சமமும் நிஷாதமும் இல்லாத ஆபோகி, ஐந்தே சுரங்களோடு எளிதில் மனத்தில் பதிவது. சுபபந்துவராளி இரங்கி வேண்டும் தன்மை கொண்டது. கல்யாணி ஒளியும் விரிவும் உடையது. தோடி கனமான இராகம். மங்கலமாக முடிப்பதற்கு உரியது மத்தியமாவதி. இராகம் மாறினாலும் நடை மாறுவதில்லை. நான்கு சீரும் தாளத்தின் நான்கு எண்ணிக்கையில் அமர்ந்து, நடந்துகொண்டே ஓதுவதற்கு ஏற்ற வேகத்தில் செல்கின்றன.

பதிவில் இராக ஆலாபனை, நிரவல், கற்பனைச் சுரம் எதுவும் இல்லை. சகோதரிகளுக்கு அவற்றில் பயிற்சி இல்லாமல் இல்லை. நூலுக்கு அவை தேவையில்லை என்பதால் விட்டுவிட்டார்கள். இசை தெரியாதவரும் உடன் சேர்ந்து சொல்ல முடிகிறது என்பதே இப்பதிவின் பெருவெற்றி.

கந்த குரு கவசமும் சேலையூரும்

சகோதரிகள் பாடிய மற்றொரு பெரிய பாராயணப் பதிவு கந்த குரு கவசம். இதை அருளியவர் சாந்தானந்த சுவாமிகள். சேலம் உடையாப்பட்டி அருகில் கந்தாசிரமத்தை நிறுவியவர் இவர். கிழக்குத் தாம்பரத்தை அடுத்த சேலையூரில் உள்ள கந்தாசிரமமும் இவருடைய வழியில் அமைந்ததே. முருகனைக் குருவாகக் கொண்டு போற்றும் இந்நூல் சஷ்டி கவசத்தைவிடச் சற்று நிதானமான ஓட்டம் கொண்டது. பல வீடுகளில் இரு கவசங்களும் ஒன்றன்பின் ஒன்றாகவே கேட்கப்படுகின்றன.

திரையிசை

முருகனின் திருப்பரங்குன்றச் சிரிப்பைப் பாடும் பூவை செங்குட்டுவனின் பாடல் முதலில் குன்னக்குடி வைத்தியநாதன் இசையில் சகோதரிகள் பாடிய தனிப்பாடலாக வந்தது. அதன் புகழால் ஏ.பி. நாகராஜனின் ‘கந்தன் கருணை’ (1967) படத்தில் இடம்பெற்றது. படத்தில் ராஜலட்சுமியும் பி. சுசீலாவும் அதைப் பாடினர். தனிப்பாடல் ஒன்று திரைக்குச் சென்ற நிகழ்வு என்ற வகையில் இது குறிப்பிடத்தக்கது.

சாண்டோ சின்னப்பா தேவர் தயாரித்த ‘தெய்வம்’ (1972) படத்தில் முருகன் தலங்கள்தோறும் ஒவ்வொரு பாடகர் திரையில் தோன்றிப் பாடினர். மதுரை சோமு, பித்துக்குளி முருகதாஸ், பெங்களூர் ரமணியம்மாள், சீர்காழி கோவிந்தராஜன், டி.எம். சௌந்தரராஜன் ஆகியோருடன் சூலமங்கலம் சகோதரிகளும் இடம்பெற்றனர். பழனியாண்டவன் மீதான அவர்களுடைய பாடல் காவடிச் சிந்தின் துள்ளல் நடை கொண்டது. கவசத்தில் அடக்கமாக ஓதும் அதே குரல்கள் இங்கே குதூகலமாக ஒலிப்பதைக் கேட்டால் அவர்களுடைய வீச்சு விளங்கும்.

ராஜலட்சுமி தனியாகவும் திரைப்படங்களில் பின்னணி பாடினார். சில படங்களுக்கு இசையமைக்கவும் செய்தார். திரைத்துறையில் பெண் இசையமைப்பாளர்கள் மிக அரிதாக இருந்த காலத்தில் அவர் அப்பணியை ஏற்றார்.

புறநகர்ப் பகுதியில் கவசம்

தாம்பரத்துக்கு 1931இல் மின்சார ரயில் வந்தது. அதன்பின் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் வழித்தடத்தை ஒட்டி ஏரிக்கரைகளிலும் வயல்களிலும் படிப்படியாகக் குடியிருப்புகள் எழுந்தன. தஞ்சை, நெல்லை, வட ஆர்க்காடு எனப் பல பகுதிகளிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் இங்கே மனை வாங்கிக் குடியேறினர். ஒவ்வொருவருக்கும் குலதெய்வம் வேறு, ஊர்த் திருவிழா வேறு, வழிபாட்டு முறையும் வேறு. புதிய நகர்களில் எழுந்த பிள்ளையார், முருகன் கோயில்கள் பலவற்றில் தேவாரம் ஓதுவதற்கு ஓதுவார் இல்லை. அந்த இடத்தைப் பெரும்பாலும் இசைத்தட்டும் ஒலிநாடாவுமே நிரப்பின. யாருடைய ஊருக்கும் தனியுரிமை இல்லாத, எல்லோருக்கும் தெரிந்த ஓசையாகச் சகோதரிகளின் கவசம் அங்கே பொதுச்சொத்தானது.

இப்பகுதியைச் சுற்றி முருகன் தலங்களும் உள்ளன. சேக்கிழார் பிறந்த குன்றத்தூரில் மலைமேல் முருகன் கோயில், குரோம்பேட்டையில் குமரன்குன்றம், தெற்கே சிதம்பர சுவாமிகள் பாடிய திருப்போரூர். ஐப்பசியில் கந்த சஷ்டியின் ஆறு நாட்களும் இக்கோயில்களுக்குச் செல்வோரின் வாயில் கவசம் முணுமுணுக்கப்படும். அவர்களில் பலர் அதை நூலில் படித்து மனப்பாடம் செய்தவர்கள் அல்லர். விடியற்காலையில் அடுப்படியில் நின்றபடியும், பள்ளிக்குக் கிளம்பியபடியும் காதால் கேட்டே கற்றவர்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமாரும் 200 அடிகளைத் தடையின்றிச் சொல்வது இப்பதிவால் கிடைத்த பேறு.

பேறும் இழப்பும்

செவிவழிக் கல்விக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. பாடகியர் மூச்சு விடும் இடமே கேட்பவருக்குச் சொல் பிரியும் இடமாகிவிடுகிறது. பொருள் நோக்கிப் பிரிக்க வேண்டிய சில தொடர்களைப் பலரும் ஓசை நோக்கிப் பிரித்தே சொல்கிறார்கள். மற்றப் படைவீடுகளுக்குரிய ஐந்து கவசங்களும் இந்த ஒன்றின் புகழால் மறைந்து கிடக்கின்றன. இது சகோதரிகளின் குறை அன்று. ஒரு பதிவு மிகவும் வெற்றி பெறும்போது அதுவே நூலாகிவிடுவதால் நேர்வது. பதிவைக் கேட்பதோடு அச்சிட்ட நூலையும் அருகில் வைத்து ஒருமுறை படிப்பவருக்கு, சந்தம் மாறாமல் சொல் எவ்வாறு பொருந்துகிறது என்பது புலப்படும். பாடியவர்களின் திறமும் அப்போதுதான் முழுமையாக விளங்கும்.

1992இல் ராஜலட்சுமி மறைந்தார். இருவர் ஒருவராகப் பாடிய இணை அத்துடன் முடிந்தது. ஜெயலட்சுமி அதன்பின் 25 ஆண்டுகள் வாழ்ந்து 2017இல் மறைந்தார். தங்கையின் குரலும் தன் குரலும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்த பாட்டைத் தெருக்கோயில்களிலிருந்து அவர் அத்தனை ஆண்டுகளும் கேட்டிருக்கக்கூடும். பாடியவர்கள் இன்று இல்லை. செவ்வாய்க்கிழமைகளிலும் கிருத்திகையிலும் சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் பொழுது புலரும் முன்பே அந்தப் பாட்டு எழுந்துவிடுகிறது.