பலூனில் அகப்பட்ட மூன்று உயிர்கள்

சித்திரை வெயிலில் திருமழபாடிக் கொள்ளிடத்து மணலில் வெறுங்காலுடன் நடக்க யாரும் துணியார். அம்மணலிலும் நுண்ணுயிர்கள் ஈரத்தை எதிர்நோக்கி உறங்கிக் கிடக்கின்றன. சிலவகைப் பாக்டீரியாக்கள் கெட்டியான உறையொன்றைக் கட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கிடக்கவல்லவை. மண்ணில் இவ்வாறெனில், மேகங்களுக்கும் அப்பால் எவ்வாறோ?

இதனை அறியவே, 2005 ஏப்ரல் 20 அன்று ஐதராபாத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் தளத்திலிருந்து இஸ்ரோவின் ஆதரவில் ஒரு பெரும் பலூன் எழும்பியது. ஆய்வுக்குத் தலைமை ஏற்றவர் ஜெயந்த் நார்லிகர். கிருமிநீக்கம் செய்யப்பட்ட 16 எஃகுக் குழாய்கள் கடுங்குளிரான திரவ நியானில் அமிழ்ந்திருந்தன. உயரே குழாயின் அடைப்பைத் திறந்ததும் வெளிக்காற்று உட்பாய்ந்து உறைந்துவிடும். இவ்விதமாக 20 முதல் 41 கிலோமீட்டர் உயரம்வரை காற்றைச் சேகரித்தனர். ஐதராபாத்திலும் புனேயிலும் தனித்தனியே சோதித்தனர். ஒருவர் பிழையை மற்றவர் காட்டிக்கொடுப்பார் அல்லவா!

12 பாக்டீரியக் கூட்டங்களும் 6 பூஞ்சைக் கூட்டங்களும் வளர்ந்தன. மூன்று பாக்டீரியாக்கள் அதுவரை எவரும் அறியாதவை; புறஊதாக் கதிரைத் தம் நெருங்கிய இனத்தாரினும் மிகுதியாய்த் தாங்கின. 2009இல் அவற்றுக்கு ஜானிபாக்டர் ஹாயிலி, பேசில்லஸ் இஸ்ரோனென்சிஸ், பேசில்லஸ் ஆரியபட்டை எனப் பெயரிட்டனர்.

வேற்றுலக உயிர்கள் கிடைத்தனவாமே என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்கக்கூடும். ஆய்வாளர்கள் அவ்வாறு கூறவில்லை; அந்நிதானத்தை நாம் பாராட்டுகிறோம். உயிரின் வித்து விண்ணிலிருந்தே வந்தது என்று வாதித்தவர் பிரெட் ஹாயில். அவருக்குத் துணைநின்றவர் இலங்கையில் பிறந்த சந்திரா விக்ரமசிங்க. புதிய பாக்டீரியாக்கள் பூமியின் உயிர்களுக்கு உறவாயிற்றே என்றால், பூமியின் உயிர்களும் அங்கிருந்து வந்தவைதாமே என்பர் அக்கட்சியார். எப்படி முடிந்தாலும் தோலாத வாதம்! நமக்கு அது உவப்பாயில்லை.

இதனிடையே ஆரியபட்டர் பெயரைத் தாங்கிய அப்பாக்டீரியா வயல்மண்ணிலும் அகப்பட்டது. நடு இந்தியாவின் கரிசல் நிலத்தில் சோயாவுக்கும் கோதுமைக்கும் அது துத்தநாகத்தைக் கரைத்துக் கொடுப்பதாக 2014இல் ஆய்வாளர் எழுதினர். உழவர் காலடியில் கிடப்பது வானத்துக்கு ஏறியது எவ்வாறு? பெரும்புயலோ எரிமலையோ தூக்கிச் சென்றிருக்கலாம்.

அதற்கும் அப்பால் பிழைப்பதும் இயலாததன்று. டைனோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவை உலர்த்தி, பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் மூன்றாண்டு வைத்திருந்தனர் ஜப்பானியர். மேலடுக்கில் இருந்தவை மடிந்து, உள்ளிருந்தவற்றைக் காத்தன. இக்காரணம்பற்றியே செவ்வாயில் இறங்கும் கலங்களைக் கிருமிநீக்கம் செய்து அனுப்புகின்றனர். அங்கே உயிரைத் தேடப்போய், நம்மூர் உயிரையே கண்டெடுத்து மகிழ்ந்துவிடக் கூடாதல்லவா!